மரம் கூடினால் தண்ணீர் கூடுமா? காட்டையும் ஆற்றையும் சேர்த்துப் பார்க்க ஓர் எளிய அறிமுகம்

'மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்' என்பதைப் பள்ளிக்கூடச் சுவரிலும் லாரியின் பின்புறத்திலும் படித்தே வளர்ந்தவர்கள் நாம். நல்ல எண்ணத்தில் எழுதிய வரி அது. ஆனால் ஒரு நாடு தன் ஆறுகளையும் அணைகளையும் காப்பாற்றக் காடுகளை எப்படிப் பராமரிக்க வேண்டும் என்ற கேள்விக்கு அந்த ஒரு வரி போதவே போதாது. மரம் நட்டதால் ஓடை இளைத்துப்போன மலைகள் இருக்கின்றன. மரத்தை வெட்டி எடுத்த பிறகு தண்ணீர் கூடிய பள்ளத்தாக்குகள் இருக்கின்றன. ஒரு கிளையைக்கூடத் தொடக் கூடாத காடுகளும் இருக்கின்றன. எந்த மலைக்கு எது பொருந்தும் என்று தெரிந்துகொண்டு செய்வதற்குத்தான் காட்டு மேலாண்மை என்று பெயர்.

இதைப் புரிந்துகொள்ள நமக்கு நீலகிரியைவிட நல்ல இடம் கிடையாது. முக்குருத்திப் பக்கத்தில் பிறக்கும் ஓடைகள் பைக்காராவாகி, மாயாறாகி, பவானிசாகர் அணைக்கு வருகின்றன. மலையின் தென்மேற்கில் சேரும் தண்ணீர் பவானியாக இறங்குகிறது. கீழ்பவானிப் பாசனம் மட்டுமே ஏறக்குறைய 2 லட்சம் ஏக்கர். ஈரோட்டு மஞ்சளும் கோபிச்செட்டிபாளையத்து நெல்லும் மலை உச்சியில் இருக்கும் புல்லையும் மரத்தையும் நம்பியிருக்கின்றன. ஆகவே நீலகிரியை மையமாக வைத்தே பேசலாம்.

மழை மண்ணுக்குள் போகும் வழி

முதலில் அடிப்படை. காட்டின் மேல் பெய்யும் மழையில் ஒரு பகுதி இலைகளிலேயே தங்கி, அங்கிருந்தே ஆவியாகிவிடும். அது ஆற்றுக்கு வராது. மீதி இலைநுனிகளில் சொட்டியும், தண்டு வழியாக வழிந்தும் தரைக்கு வருகிறது. நீலகிரியில் சோலை என்று சொல்லப்படும், மலை மடிப்புகளில் வளரும் காடுகளில் இதைக் கண்ணாரப் பார்க்கலாம். குட்டையான, முறுக்கிய மரங்கள். தண்டு முழுக்கப் பாசி, பெரணி, ஆர்க்கிட் செடிகள். வெளியே மழை விட்ட பிறகும் உள்ளே வெகுநேரம் சொட்டிக்கொண்டே இருக்கும். மழையே இல்லாமல் வெறும் மூடுபனி மட்டும் இருக்கும் நாளிலும் இலைகளில் ஈரம் திரண்டு சொட்டும்.

அப்புறம் தரை. ஒரு சோலைக்குள் குனிந்து கையை உள்ளே விட்டுப் பார்த்தால் மேலே முழு இலைகள் இருக்கும். அதன் கீழே உடைந்து நைந்த சருகு. இன்னும் கீழே இலை எது, மண் எது என்று பிரிக்க முடியாத கறுப்பு மக்கு. கையில் எடுத்துப் பிசைந்தால் உதிரும், ஆனால் ஒட்டாது. மண்புழுவும் எறும்பும் தோண்டிய துளைகள், செத்துப்போன வேர்கள் விட்டுச்சென்ற குழாய் போன்ற வழிகள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. மழைநீர் இந்த வழிகளில் இறங்கி, மண்ணுக்குள்ளேயே சரிவில் மெல்ல நகர்ந்து, நாட்கள் அல்லது மாதங்கள் கழித்துக் கீழே எங்கோ ஒரு ஊற்றாக வெளியே வருகிறது.

மழை நின்று பல வாரங்கள் ஆன பிறகும், மார்ச் ஏப்ரலில்கூட, ஒரு மலையோடையில் தண்ணீர் ஓடுகிறது என்றால் இதனால்தான். நீரியல் படித்தவர்கள் இதை அடிநீரோட்டம் என்பார்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு சொல்லை நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் எந்த ஓடையும் ஓடும். கோடையில் ஓடுகிறதா என்பதுதான் கேள்வி.

மூடாக்கு இல்லாத வெறும் மண்ணில் நடப்பது வேறு. மழைத்துளி நேரடியாக மண்ணை அடிக்கிறது. நுண்ணிய மண்துகள்கள் சிதறி, துளைகளை அடைத்து, மேலே ஒரு மெல்லிய ஓடு போல இறுகிவிடுகின்றன. தண்ணீர் உள்ளே போக வழியில்லாமல் மேலோடு ஓடுகிறது, மண்ணையும் கூடவே இழுத்துக்கொண்டு. இரண்டு நாள் செந்நிற வெள்ளம், பிறகு காய்ந்த ஓடை, கீழே அணையில் வண்டல். ஒரே அளவு மழைதான். தரை மாறியதால் கணக்கே மாறிவிட்டது.

நம்ப முடியாதவர்கள் வீட்டருகிலேயே சோதித்துப் பார்க்கலாம். இரண்டு பக்கமும் மூடியை வெட்டி எடுத்த ஒரு பழைய தகர டப்பாவை மரத்தடியில் சருகை விலக்காமல் மண்ணுக்குள் இரண்டு விரற்கடை ஆழம் அழுத்தி, ஒரு லிட்டர் தண்ணீரை ஊற்றி, அது முழுதும் உள்ளே இறங்க எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். அதையே ஆட்கள் நடந்து இறுகிப்போன ஒற்றையடிப் பாதையிலும் செய்யுங்கள். மண் ஆய்வாளர்கள் இதே வேலையை இரும்பு வளையங்களை வைத்து முறையாகச் செய்கிறார்கள். அடிப்படை ஒன்றுதான்.

மரமும் தண்ணீர் குடிக்கும்

இதுவரை சொன்னதை வைத்து 'அப்படியானால் எங்கும் மரம் நட வேண்டியதுதானே' என்று தோன்றும். காடு ஒரு பஞ்சு மாதிரி, மழைக்காலத்தில் உறிஞ்சிக் கோடையில் விடும் என்று பாடப்புத்தகத்திலும் மேடையிலும் சொல்வதுண்டு. அந்த உவமையில் ஒரு பெரிய விஷயம் விட்டுப்போகிறது. பஞ்சு தண்ணீரைக் குடிக்காது. மரம் குடிக்கும்.

வேர் உறிஞ்சும் தண்ணீரில் மிகச் சிறிய பங்குதான் மரத்தின் உடலில் தங்குகிறது. மற்றதெல்லாம் இலைத்துளைகள் வழியாக ஆவியாகிக் காற்றில் கலந்துவிடுகிறது. புல்லின் வேர் ஆழமில்லாதது. வறண்ட மாதங்களில் அது காய்ந்து அடங்கிவிடும். உயரமான, பசுமை மாறாத, ஆழமாக வேர்விடும் மரமோ வருடம் முழுக்க இழுத்துக்கொண்டே இருக்கும். ஓர் ஓடைக்குத் தண்ணீர் வடிந்து சேரும் நிலத்தை நீர்ப்பிடிப்புப் பகுதி என்பார்கள். உலகெங்கும் செய்யப்பட்ட 94 நீர்ப்பிடிப்புப் பகுதிப் பரிசோதனைகளைத் தொகுத்து 1982-இல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது: மரப்பரப்பு கூடினால் ஓடைக்கு வரும் ஆண்டு நீர் குறைகிறது, ஊசியிலை மரங்களும் யூகலிப்டசும் மற்றவற்றைவிட அதிகமாகக் குறைக்கின்றன.

ஆக, ஒரே மரம் இரண்டு எதிரெதிர் வேலைகளைச் செய்கிறது. மண்ணைத் திறந்து தண்ணீரை உள்ளே அனுப்புகிறது. உள்ளே போனதில் ஒரு பங்கைத் தானே எடுத்துக்கொள்கிறது. எது மிஞ்சும் என்பது இடத்தைப் பொறுத்தது. மண் இறுகி, அரித்து, கட்டாந்தரையாகக் கிடக்கும் ஒரு சரிவில் பொருத்தமான மரங்களை வளர்த்தால், மண் திறப்பதால் கிடைக்கும் லாபம் மரம் குடிக்கும் செலவைவிட அதிகமாக இருக்கலாம். அங்கே கோடை ஊற்று திரும்பக்கூடும். ஏற்கெனவே நல்ல மண்ணும் அடர்ந்த புல்லும் இருக்கும் மலையில் வேகமாக வளரும் மரத்தைக் கொண்டுபோய் நட்டால், புதிதாகத் திறப்பதற்கு மண்ணில் ஒன்றுமில்லை. செலவு மட்டும்தான் மிச்சம்.

மழையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமேசான் மாதிரி ஒரு கண்டத்தின் பெரும்பகுதியை மூடும் காடு தன் ஈரத்தையே திரும்பத் திரும்ப மழையாக்கிக்கொள்கிறது என்பது உண்மை. ஒரு தாலுகாவில் சில ஆயிரம் மரம் நட்டால் அந்தத் தாலுகாவில் மழை கூடும் என்று எதிர்பார்ப்பதற்கு அப்படிப்பட்ட அடிப்படை கிடையாது. மரம் நடுவதற்கு நிழல், மண், பறவை, வெப்பம் தணிவது என்று வேறு நல்ல காரணங்கள் நிறைய இருக்கின்றன. மழையை வாக்குறுதியாகக் கொடுக்க வேண்டியதில்லை.

நீலகிரியில் நடந்தது

நீலகிரியின் மேல்மட்டம் இயற்கையில் எப்படி இருந்தது? திறந்த சரிவுகளில் புல்வெளி; தண்ணீர் சேரும் மடிப்புகளில் மட்டும் சோலை; சோலைக்குக் கீழே பல இடங்களில் சதுப்பு. பனிக்காலத்து உறைபனியும் காற்றும் சோலை மரக்கன்றுகளைத் திறந்த வெளியில் எளிதில் பிழைக்க விடுவதில்லை. அதனால் புல்லும் சோலையும் அருகருகே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இருந்திருக்கின்றன. தோடர்கள் தங்கள் எருமைகளை மேய்த்தது இந்தப் புல்வெளிகளில்தான்.

வெள்ளைக்காரர்கள் வந்தபோது அந்தப் புல்வெளி அவர்கள் கண்ணுக்கு வெற்று நிலமாகத் தெரிந்தது. ஊட்டி வளர வளர விறகுக்குத் தட்டுப்பாடு வந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை என்று மலையில் சொல்லப்படும் வாட்டில் மரங்களும், கற்பூர மரம் எனப்படும் யூகலிப்டசும் 1830-கள், 40-களில் வந்து சேர்ந்தன. சுதந்திரத்துக்குப் பிறகு நடவு இன்னும் பெரிதானது. தோல் பதனிடச் சீகைப் பட்டை தேவைப்பட்டது. சிறுமுகையில் இருந்த விஸ்கோஸ் ஆலைக்குக் கூழ் தயாரிக்கக் கற்பூர மரம் தேவைப்பட்டது. ஐந்தாண்டுத் திட்டங்களின் காலத்தில் மலையின் புல்வெளிகள் வரிசை வரிசையாக மரத்தோட்டங்களாயின. பழனி மலையிலும் இதே கதைதான். அங்கே 1973-க்கும் 2014-க்கும் இடையில் உயர்மலைப் புல்வெளியில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதாகச் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு காட்டுகிறது. அன்று முடிவெடுத்தவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்லிவிட முடியாது. காலி இடத்தில் மரம் வளர்க்கிறோம், நாட்டுக்கு நல்லது செய்கிறோம் என்றுதான் நம்பினார்கள்.

தண்ணீருக்கு என்ன ஆனது என்பதை ஊகமாக இல்லாமல் அளவாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், ஊட்டியில் இருக்கும் மத்திய அரசின் மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் கிளன்மார்கனில் நடத்திய ஒரு பரிசோதனை. இந்தியாவில் காடும் நீரும் பற்றிச் செய்யப்பட்ட வேலைகளில் நான் மிகவும் மதிப்பது இது.

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புப் பகுதிகள். ஒவ்வொன்றும் சுமார் 30 ஹெக்டேர். இரண்டிலும் புல்லும் சோலையும் சதுப்புமாக ஒரே மாதிரி நிலம். ஒவ்வொன்றின் வாயிலிலும் ஓடைக்குக் குறுக்கே ஒரு சிறு தடுப்பு. தடுப்பில் வெட்டிய திறப்பின் வழியாகத்தான் முழுத் தண்ணீரும் போக வேண்டும். அதில் நீர்மட்டம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று தெரிந்தால் நொடிக்கு எத்தனை லிட்டர் போகிறது என்று கணக்கிடலாம். 1968-இல் தொடங்கி முதல் சில ஆண்டுகள் எதையும் மாற்றாமல் இரண்டையும் அளந்துகொண்டே இருந்தார்கள். ஒன்றில் இவ்வளவு வந்தால் மற்றதில் இவ்வளவு வரும் என்ற உறவு தெரிய வேண்டும் அல்லவா? பொறுமையாகச் செய்த அந்த வேலைதான் முழுப் பரிசோதனைக்கும் அஸ்திவாரம். அதற்குப் பிறகு 1972-இல் ஒன்றை அப்படியே விட்டுவிட்டு, மற்றதில் ஏறக்குறைய அறுபது சதவீதப் பரப்பில் கற்பூர மரம் நட்டார்கள்.

பத்தாண்டு முதல் சுற்றில், மரம் நட்ட பகுதியின் ஆண்டு நீர்வரத்து 16 சதவீதம் குறைந்தது. மரத்தை வெட்டி, அடிக்கட்டையிலிருந்து மறுதாம்பு துளிர்க்க விட்டார்கள். வேர் ஏற்கெனவே ஆழத்தில் இருந்ததால் இரண்டாம் சுற்றில் குறைவு 25.4 சதவீதமாக ஏறியது. கோடை மாதங்களின் ஓட்டமும் நன்றாகவே அடி வாங்கியது. நீர்மின் அணைகளுக்கு மேலே உள்ள சரிவுகளில் இந்த மரத்தைப் பெருமளவில் நடும் முன் யோசிக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள். நீலகிரியில் பைக்காரா, குந்தா என்று நீர்மின் திட்டங்களே வரிசையாக இருப்பதை நினைத்தால் அந்த எச்சரிக்கையின் கனம் புரியும்.

அதே மரம், வேறு நாடு

தென்னாப்பிரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவின் சீகை மரம் போய்ச் சேர்ந்தது. அங்கே பைன் தோட்டங்களும் பெரிய அளவில் வளர்ந்தன. தோட்டங்கள் ஆற்றை வற்றவைக்கின்றன என்று விவசாயிகள் புகார் சொல்ல, 1930-களில் ஸ்டெலன்போஷ் நகருக்கு அருகே யோங்கர்ஸ்ஹுக் பள்ளத்தாக்கில் ஓடைகளை அளக்கத் தொடங்கினார்கள். புகார் சரிதான் என்று எண்கள் காட்டின. 1972 முதல், புதிதாக மரத்தோட்டம் போட அனுமதி பெற வேண்டும் என்ற முறை வந்தது. 1998-இல் வந்த தேசிய நீர்ச்சட்டம் ஒரு படி மேலே போய், வணிக மரத்தோட்டத்தையே 'ஓடைநீரைக் குறைக்கும் செயல்' என்று வகைப்படுத்தியது. வாய்க்காலில் மோட்டார் வைத்து எடுப்பவர் உரிமம் வாங்க வேண்டும் என்றால், வேரால் எடுப்பவரும் வாங்கத்தான் வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் நியாயம். எனக்கு இது மிகச் சரியான சிந்தனையாகப் படுகிறது. காட்டையும் தண்ணீரையும் ஒரே கணக்கேட்டில் எழுதிய சட்டம் அது.

நிறவெறி ஆட்சி முடிந்த மறுவருடம், 1995-இல், நீர்வளத்தையும் வனத்தையும் சேர்த்துக் கவனித்த அமைச்சர் காதர் அஸ்மல் காலத்தில் 'தண்ணீருக்காக உழைப்பு' என்ற பொருள்படும் திட்டம் தொடங்கியது. ஆற்றோரங்களிலும் மலைகளிலும் தானாகப் பரவிய அன்னிய மரங்களை வெட்டி அகற்றும் வேலை. அந்த வேலையை ஏழைக் குடும்பங்களுக்குக் கூலி வேலையாகக் கொடுப்பது. ஆயிரக்கணக்கானோர், குறிப்பாகப் பெண்கள், இதில் வேலை பெற்றார்கள். 2018-இல் கேப் டவுன் நகரம் குழாய்களையே மூடவேண்டிய நிலைக்கு வந்தபோது இந்தக் கணக்கு மறுபடி பேசப்பட்டது. நகரின் நீர்ப்பிடிப்பு மலைகளில் பரவிய அன்னிய மரங்கள் ஆண்டுக்குச் சுமார் 5,500 கோடி லிட்டர் தண்ணீரை எடுத்துக்கொள்கின்றன என்று அந்த ஆண்டில் வெளியான ஒரு மதிப்பீடு சொன்னது. நகரத்தின் இரண்டு மாதத் தேவை அது.

தொடக் கூடாத காடு

இதைப் படித்துவிட்டு 'மரத்தை வெட்டினால் தண்ணீர் வரும்' என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. தாமிரபரணிக்கு வாருங்கள்.

பொதிகையில் பிறக்கும் இந்த ஆற்றின் தலைமாட்டில் இருப்பது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். 1988-இல் அறிவிக்கப்பட்ட, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். உள்ளே பெரும்பரப்பில் இயற்கையான மழைக்காடு. தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டுமே இங்கே மழை கொடுக்கின்றன. அந்த மழையை ஆழமான மண்ணும் சருகும் வேரும் பிடித்துவைத்து விடுவதால்தான், கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகளின் வாய்க்கால்களும் கார், பிசானம் என்று இரண்டு பருவ நெல்லும் நடந்துவந்திருக்கின்றன. இந்தக் காட்டு மரங்களும் தண்ணீர் குடிக்கத்தான் செய்கின்றன. ஆனால் இவை அந்த மழைக்கும் அந்த மண்ணுக்கும் ஏற்றபடி வளர்ந்தவை. இவற்றை அகற்றினால் சில ஆண்டுகள் ஓடையில் நீர் கூடுவது போலத் தெரியலாம். அதற்குள் மண் போய்விடும். மண் போன பிறகு பிடித்துவைக்க ஒன்றும் இருக்காது.

தண்ணீரின் அளவு மட்டுமல்லாமல் தரமும் இருக்கிறது. கோயம்புத்தூர்க்காரர்கள் சிறுவாணித் தண்ணீரைப் பற்றிப் பெருமையாகப் பேசுவார்கள். அணை இருப்பது கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், முத்திக்குளம் பக்கத்துக் காட்டில். மேலே ஊரும் ஆலையும் வயலும் இல்லாத காடாக இருப்பதால் தண்ணீரில் கலங்கலும் கழிவும் குறைவு. நியூயார்க் நகரம் இதையே பணக்கணக்காகப் போட்டுப் பார்த்தது. அந்த நகரத்துக் குடிநீரில் பெரும்பகுதி கேட்ஸ்கில் மலைப்பக்கத்திலிருந்து வருகிறது. 1990-களில், வடிகட்டும் ஆலை கட்டியாக வேண்டும் என்ற நிலை வந்தபோது, அதற்கு 600 கோடி டாலருக்கு மேல் ஆகும் என்று மதிப்பிட்டார்கள். அதைவிட மிகக் குறைந்த செலவில் மேலே காட்டு நிலங்களை வாங்கியும், விவசாயிகளுக்கு உதவி செய்து மாட்டையும் சாணத்தையும் ஓடையிலிருந்து தள்ளிவைத்தும் தண்ணீரைச் சுத்தமாக வைக்கலாம் என்று முடிவு செய்து, 1997-இல் மலையூர்களோடு ஒப்பந்தம் போட்டார்கள். இன்றும் அந்தத் தண்ணீரின் பெரும்பகுதி வடிகட்டாமலே வருகிறது.

அப்படியானால் என்ன செய்வது

ஒரு நாட்டின் வனத்துறை தண்ணீரை முன்னால் வைத்து யோசிக்கத் தொடங்கினால் பல வழக்கங்கள் மாற வேண்டியிருக்கும். முதலில் மாற வேண்டியது காட்டை அளக்கும் முறை. இந்திய வன நிலை அறிக்கையின் கணக்கில், ஒரு ஹெக்டேருக்கு மேல் பரப்பும் 10 சதவீதத்துக்கு மேல் மர விதான அடர்த்தியும் (மேலிருந்து பார்த்தால் மரக்கிளைகள் மூடியிருக்கும் பங்கு) இருந்தால் அது காடு. என்ன மரம் என்ற கேள்வி அதில் இல்லை. ஆக, கற்பூர மரத்தோட்டம் காடாகிவிடுகிறது; முக்குருத்தியின் புல்வெளி காடாவதில்லை. இப்படி அளந்துகொண்டே, பசுமைப் பரப்பைக் கூட்ட வேண்டும் என்று இலக்கு வைத்தால், இலக்கை எட்ட எளிய வழி புல்வெளியில் மரம் நடுவதுதான். 1988-ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை இதைவிட நன்றாகவே யோசித்திருந்தது. காட்டிலிருந்து வரும் வருமானம் இரண்டாம்பட்சம், சூழல் சமநிலையே முதன்மை என்றது. நீண்டகால ஆய்வு இல்லாமல் அன்னிய மரங்களைக் கொண்டுவரக் கூடாது என்றும் சொன்னது.

நிலத்தில் செய்ய வேண்டியவை இடத்துக்கு இடம் வேறு. நல்ல நிலையில் உள்ள மழைக்காட்டையும் சோலையையும் தொடாமல் காப்பது. ஓடையின் இரு கரையிலும் ஒரு பட்டை நிலத்தை உழாமல், வெட்டாமல், இயற்கையான செடி கொடியோடு விடுவது. மண் ஓடைக்குள் போகாமல் கடைசியில் தடுத்து நிறுத்துவது அந்தப் பட்டைதான். சதுப்புகளை வடித்து மலைக்காய்கறி போடுவதை நிறுத்துவது. மலைப்பாதைகளின் ஓரக் கால்வாய்களையும் கவனிக்க வேண்டும். சரியாக வெட்டாத ஒரு சாலை, மண்ணுக்குள் இறங்க வேண்டிய நீரை ஒரே இடத்தில் திரட்டிக் கொட்டி, கீழே புதிதாக ஓர் அரிப்பு ஓடையையே உண்டாக்கிவிடும். மரத்தோட்டம் தேவைப்படும் இடத்தில் நெருக்கத்தைக் குறைத்து, இடையிடையே மரம் எடுத்து, தரைக்கு வெளிச்சம் விட்டால் கீழே செடியும் புல்லும் வளரும், மண் தங்கும்.

சீகையை அகற்றுவது இவற்றில் மிகச் சிக்கலான வேலை. அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். வெட்டினாலோ தீ வைத்தாலோ, வெளிச்சமும் சூடும் பட்டு ஆயிரமாயிரமாக முளைக்கும். ஒரே தடவையில் ஒரு மலைச்சரிவு முழுவதையும் மொட்டையடித்தால் அடுத்த பருவமழையில் மண் அணைக்குப் போய்விடும். அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. அப்படிப்பட்ட மழை வெறும் சரிவில் விழுந்தால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே துண்டு துண்டாக வெட்ட வேண்டும். வெட்டிய இடத்தில் உள்ளூர்ப் புல்லை நாற்றங்காலில் வளர்த்து உடனே நட வேண்டும். முளைக்கும் சீகைக் கன்றுகளை ஆண்டுதோறும் பிடுங்க வேண்டும். சில பழைய தோட்டங்களின் நிழலில் சோலைக் கன்றுகள் தாமாகவே எழுந்துவருகின்றன. அங்கே அவசரப்பட்டு வெட்டாமல், அவை மேலே வரும்வரை பொறுத்திருப்பதே நல்லது. தமிழ்நாடு அரசு 2022-இல் அன்னிய ஊடுருவல் தாவரங்களுக்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. அதை ஒரு வருட ஒப்பந்த வேலையாகப் பார்த்தால் தோற்கும். இருபது வருட வேலையாகப் பார்த்து, ஆண்டுதோறும் பணம் ஒதுக்க வேண்டும்.

மலையில் இருக்கும் மனிதர்களை மறந்துவிட்டுப் போடும் எந்தத் திட்டமும் நிற்காது. தோடர்களுக்கும் குறும்பர்களுக்கும் எந்தச் சரிவில் எந்த ஊற்று எந்த மாதம் வரை ஓடியது என்று தெரியும். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், தாங்கள் பாதுகாத்துவந்த காட்டை நிர்வகிக்கும் உரிமையைக் கிராம சபைகளுக்குக் கொடுக்கிறது. அதை ஒழுங்காக நடைமுறைப்படுத்தினாலே காவலுக்கும் கண்காணிப்புக்கும் பாதி ஆள் கிடைத்துவிடும். இன்னொரு பக்கம், தாமிரபரணியின் தலைமாட்டில் மாஞ்சோலை. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-இல் தொடங்கிய 99 ஆண்டுக் குத்தகையில் தேயிலைத் தோட்டமான காடு அது. அந்த நிலம் காட்டுக்குத் திரும்புவது ஆற்றுக்கு நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாக அங்கே கொழுந்து பறித்த குடும்பங்கள் வேலையும் வீடும் இழந்து கீழே இறங்க வேண்டியிருக்கிறது. ஆற்றால் பயன்பெறுவது இரண்டு மாவட்டம். விலை கொடுப்பது சில நூறு குடும்பங்கள் என்றால் அது நியாயமில்லை. தென்னாப்பிரிக்கா காட்டைச் சரிசெய்வதையே கூலி வேலையாக்கியது போல, காட்டை மீட்கும் வேலையில் முதல் உரிமை அவர்களுக்குத்தான் இருக்க வேண்டும். கீழே தண்ணீர் பெறும் நகராட்சியும் ஆலையும் மின்வாரியமும் அந்தச் செலவில் பங்கு போடுவதுதான் முறை.

கடைசியாக, அளவை. இன்று காட்டு மீட்பு வேலைகளின் அறிக்கைகளில் எத்தனை ஹெக்டேரில் சீகை வெட்டப்பட்டது, எத்தனை கன்று நடப்பட்டது என்ற எண்கள்தான் முன்னால் நிற்கின்றன. கிளன்மார்கனில் செய்தது போல, வேலை தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருடம் முன்பே ஓடையில் ஒரு சிறு தடுப்பு வைத்து அளக்கத் தொடங்கி, பக்கத்தில் தொடாத ஒரு ஓடையையும் சேர்த்து அளந்தால்தான் மாற்றம் மரத்தால் வந்ததா, அந்த வருட மழையால் வந்ததா என்று தெரியும். பெரிய செலவில்லை. ஒரு கான்கிரீட் தடுப்பு, ஒரு நீர்மட்டக் கருவி, வாரம் ஒருமுறை போய்ப் பார்க்க உள்ளூர் ஆள் ஒருவர். ஆண்டு மொத்தத்தைவிட பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான ஓட்டத்தைத் தனியாக எழுதி வைக்க வேண்டும். கீழே குடிநீருக்குத் தட்டுப்பாடு வருவது அந்த மூன்று மாதத்தில்தான்.